தக்கை முங்காது, எழும்பும்: பாப்பாரப்பட்டி வாய்க்கால்ல ஒரு நாள் தூண்டில்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "இங்கிலாந்துல கால்வாய் ஓரமா ஒரு குடையை விரிச்சு உக்காந்து, நாள் முழுக்க டென்ச் மீன் பிடிக்கிற வீடியோ பாக்கறேன். ராத்திரி அதைப் பாத்தாதான் தூக்கமே வருது. நம்ம ஊர்ல இந்த மாதிரி பண்ண முடியுமா?"

ஒரு வரியில பதில் வேணும்னா: டென்ச் கிடைக்காது, ஆனா பண்ண முடியும். விரிவான பதிலுக்காக ஜனவரியில ஒரு நாள் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் போயிட்டு வந்தேன். அங்க எங்க மாமா இருக்கார். சின்ன வயசுலேர்ந்து தூண்டில் போடறவர்.

டென்ச்னா என்ன?

முதல்ல இந்த மீனைப் பத்தி. கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஆலிவ் பச்சை நிறம், சின்னச் சிவப்புக் கண்ணு, வாய் ஓரத்துல ரெண்டு குட்டி மீசை. உடம்பு முழுக்க வழவழன்னு கோழை. அந்தக் கோழையைத் தொட்டா மத்த மீன்களோட நோய் குணமாகும்னு ஐரோப்பாவுல ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1653-ல ஐசக் வால்டன் எழுதின மீன்பிடி புத்தகத்துலயே டென்ச்சை மீன்களோட வைத்தியர்னு சொல்லியிருக்கு.

பிரிட்டன்ல நன்னீர் மீனை ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. சால்மன், ட்ரவுட் மாதிரி மீனெல்லாம் ஒரு பக்கம். அது பெரும்பாலும் காசு இருக்கறவங்க விளையாட்டு. மிச்சம் இருக்கற எல்லாமே 'கோர்ஸ்' மீன், அதாவது சாதாரண மீன். ஒரு காலத்துல நிலக்கரிப் படகு போறதுக்காக வெட்டின கால்வாய்கள்ல இன்னைக்கு ஜனங்க சாதாரண மீன் பிடிச்சு, பாத்துட்டு, திரும்பத் தண்ணியிலயே விடறாங்க.

டென்ச் நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கு தெரியுமா? 1870-கள்ல இங்கிலாந்துலேர்ந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில விட்டாங்க. வெள்ளைக்கார அதிகாரிங்களுக்கு ஊர் ஞாபகம். ஆனா அது குளிர்ந்த தண்ணி மீன். மலையை விட்டு இறங்கவே இல்லை. சமவெளியில இருந்த அதிகாரிங்க நம்ம ஏரி, குளத்து மீனுக்கே தூண்டில் போடக் கத்துக்கிட்டாங்க. மெட்ராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ஏரியில தூண்டில் போடறதுக்குன்னே ஒரு முழுப் புத்தகம் எழுதி 1887-ல வெளியிட்டார்.

அப்போ நம்ம ஊர் டென்ச் எது?

டென்ச் மாதிரியே நடந்துக்கற மீன் நம்ம ஏரியில உண்டா? உண்டு. சாதா கெண்டை, காமன் கார்ப்னு சொல்றது. அதே குடும்பம், அதே மாதிரி அடிச்சேத்தைக் கிளறித் தின்னும், அதே மாதிரி தேங்கின தண்ணியில பாசி மேலயும் செடி மேலயும் முட்டையை ஒட்டி வைக்கும். இதுவும் வெளியூர்தான். ஒரு வகை 1939-ல இலங்கையிலேர்ந்து ஊட்டிக்கு வந்துச்சு. சமவெளிச் சூட்டைத் தாங்கற இன்னொரு வகை 1957-ல பாங்காக்லேர்ந்து வந்துச்சு. இன்னைக்கு ஏரிகள்ல இருக்கறது இந்த ரெண்டாவது வகை.

அடியில மேயற இன்னொரு மீன் மிர்கால். மார்க்கெட்ல கட்லா, ரோகு, மிர்கால்னு மூணு பேரையும் சேத்துக் கேட்டிருப்பீங்க. மூணோட வாயையும் பாத்தாலே அது எங்க சாப்பிடும்னு தெரிஞ்சிடும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், அது மேல்தண்ணியில சாப்பிடும். ரோகு நடுத்தண்ணி. மிர்காலுக்கு வாய் கீழ இறங்கியிருக்கும், அது அடித்தண்ணி. ஒரே ஏரியில மூணையும் சேத்து வளர்க்கறதுக்குக் காரணமே இதுதான். ஒண்ணோட சாப்பாட்டை இன்னொண்ணு பிடுங்காது.

ஆக, அன்னைக்கு நாங்க தேடிப் போனது சாதா கெண்டையும் மிர்காலும்.

இது யாரோட மீன்?

தூண்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி மாமா என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். ஏரியோட குத்தகைதாரர் வீடு. சிட்டியில இருக்கற நமக்கு ஏரின்னா பொதுச் சொத்து, யாரு வேணா போய் தூண்டில் போடலாம்னு ஒரு நினைப்பு. தண்ணி பொதுதான். மீன் அப்படி இல்லை. தமிழ்நாட்டுல பெரும்பாலான ஏரிகள்ல மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடறாங்க. மீன்பாசி குத்தகைன்னு பேரு. ஜூலை 1-ல தொடங்கற பசலி ஆண்டுதான் அதுக்குக் கணக்கு. ஏலம் எடுத்தவர் காசு கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டு, கோடையில தண்ணி குறையும்போது வலை போட்டு எடுப்பார்.

ஏன் வருஷா வருஷம் குஞ்சு வாங்கணும்? கட்லா, ரோகு, மிர்கால் மூணுமே ஆத்து மீன்கள். வெள்ளம் ஓடற தண்ணியிலதான் முட்டை போடும். ஏரியில நல்லா வளரும், ஆனா தானா குஞ்சு பொரிக்காது. ஒரு காலத்துல ஆத்துலேர்ந்து முட்டையையும் குஞ்சையும் அள்ளிக்கிட்டு வந்துதான் குளத்துல விட்டாங்க. 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிஷாவுல ஹிராலால் சௌத்ரி, அலிக்குன்ஹி ரெண்டு பேரும் மீனுக்கு பிட்யூட்டரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டை போட வெச்சாங்க. இந்தியாவுல மீன் வளர்ப்பு பெருசானது அதுக்கப்புறம்தான். இன்னைக்கும் ஜூலை 10-ஐத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமா வெச்சிருக்கோம்.

அதனால ஏரியில ஒரு மிர்கால் உங்க தூண்டில்ல மாட்டுச்சுன்னா, அதோட குஞ்சுக்கு யாரோ காசு கொடுத்திருக்காங்க. கேக்காம எடுத்தா அது திருட்டுதான். குத்தகைதாரர் எங்ககிட்ட சொன்னார்: "ஏரி ரொம்பலன்னா குஞ்சு விட்ட காசு போச்சு சாமி. போன தடவை தண்ணி சீக்கிரம் வத்திடுச்சு. அரைக்கிலோ மீனையெல்லாம் அள்ளி, வந்த விலைக்குக் கொடுத்தேன்." கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டோம். சாதா கெண்டை, மிர்கால் மாட்டினா திரும்ப விட்டுடணும். ஜிலேபி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

ஏரியோட பேரை நான் சொல்லல. சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை கரையில இருபது பைக் நிக்கும். அந்தக் குத்தகைதாரர்தான் திண்டாடுவார்.

தூண்டில் கட்டற விதம்

இப்போ விஷயத்துக்கு வருவோம். தூண்டில்னதும் நாம நினைக்கிறது என்ன? தக்கை மிதக்கும், மீன் கடிச்சதும் குபுக்னு முங்கும், உடனே இழுக்கணும். அடியில மேயற மீன்கிட்ட இது சரியா வராது. அது தலையைக் கீழ சாய்ச்சு, இரையை மெதுவா உறிஞ்சும். துப்பும். திரும்ப உறிஞ்சும். தக்கை முங்கறதுக்காகக் காத்திருந்தா முள்ளுல இரை இருக்காது.

இங்கிலாந்துல டென்ச்சுக்கு ஒரு கட்டு இருக்கு. மாமா கட்டினதும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா அவர் அந்த வீடியோ எதையும் பாத்ததில்லை. பன்னெண்டு அடிக் கழி, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டுல செஞ்ச தக்கை. தக்கையோட அடி முனை மட்டும் நரம்புல கட்டியிருக்கும். பாரத்தை முள்ளுலேர்ந்து ரெண்டு மூணு விரக்கடை தள்ளிக் கட்டணும். முள்ளும் பாரமும் தரையில உக்காரணும். அந்தப் பாரம் நரம்பை இழுத்துப் பிடிக்கறதால தக்கை நட்டக்குத்தலா, நுனி மட்டும் தெரியற மாதிரி நிக்கும்.

மீன் குனிஞ்சு இரையை வாயில எடுத்துட்டு நிமிரும்போது பாரமும் சேந்து தரையை விட்டு எழும்பும். பாரம் எழும்பினா தக்கையைக் கீழ இழுக்க ஒண்ணும் இல்லை. தக்கை மேல வரும், அப்படியே தண்ணி மேல படுத்துக்கும். அப்பதான் இழுக்கணும். மாமா சொன்ன ஒரே பாடம் இதுதான்: "தக்கை படுத்தா தூக்கு மாப்ள. முங்கினா ஜிலேபி."

இதுக்கு ஆழம் சரியாத் தெரியணும். முள்ளுல ஒரு கனமான நட்டை மாட்டி இறக்கிப் பாத்து, தக்கையை மேலயும் கீழயும் நகர்த்தி அளந்துக்கணும். கடையில பாரம்னு கேட்டா ஈயம்தான் கொடுப்பாங்க. சின்ன இரும்பு நட்டு போதும். அறுந்து விழுந்த ஈயக்குண்டை அன்னப்பறவைங்க விழுங்கிச் செத்ததால பிரிட்டன்ல 1987-லயே தூண்டில் ஈயத்துக்குத் தடை போட்டாங்க. வாத்தும் நாரையும் மேயற நம்ம ஏரியிலயும் அதைப் போடாம இருக்கறது நல்லது.

இரைக்கு ராகிக்களி. தர்மபுரியில வேற என்ன! காவிரியில பெரிய மஹாசீர் மீனுக்குத் தூண்டில் போட்டவங்களும் களி உருண்டையைத்தான் மாட்டினாங்க. கொஞ்சம் கெட்டியா கிண்டி, ஆறினதும் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டினா முள்ளுல நிக்கும். கூடவே தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைஞ்ச நாலு உருண்டை, மீனைக் கூப்பிட.

அந்த நாள்

பாப்பாரப்பட்டி தெரியாதவங்களுக்கு: பென்னாகரம் தாலுகாவுல இருக்கற ஒரு பேரூர். சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்துல தங்கி, 1925 ஜூலை 23-ல இறந்த ஊர். அவர் நினைவிடம் இங்கதான். சுத்தி ராகி, நிலக்கடலை, மாந்தோப்பு. ஒகேனக்கல்ல காவிரியோட சேர்ற சின்னாறு இந்தப் பக்கத்து ஆறு. ஆனா மழை இல்லாத மாசத்துல எங்கயும் தண்ணி இருக்காது. தண்ணியைத் தேக்கி வைக்கிறது ஏரிகள்தான்.

நாங்க உக்காந்தது ஏரியில இல்லை, ஏரிக்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்து வாய்க்கால்ல. ஏரி நிறைஞ்சிருக்கும்போது அதோட கடைசி நூறடி ஒரு சின்னக் கால்வாய் மாதிரி தேங்கி நிக்கும். ரெண்டு பக்கமும் கோரைப்புல். இடுப்பளவு தண்ணி. வீடியோவுல பாக்கற இங்கிலாந்துக் கால்வாய்க்கு இதைவிடப் பக்கத்துல நாம போக முடியாது.

ஆறு மணிக்கு இருட்டு பிரியறப்போ பிண்ணாக்கு உருண்டையைப் போட்டோம். ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்லை. ராத்திரி பூரா பாசியும் செடியும் தண்ணியில இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கும், அதனால விடியற நேரத்துலதான் அது ரொம்பக் குறைவா இருக்கும். வெயில் பட்டதுக்கப்புறம்தான் மறுபடியும் ஏறும்.

ஏழேகால் இருக்கும். தண்ணியில குமிழி. எல்லாக் குமிழியும் மீன் கிடையாது. சேத்துலேர்ந்து வர்ற வாயு ஒரே இடத்துல நாலு தடவை பொங்கிட்டு நின்னுடும். மீன் கிளப்பற குமிழி பொடிப்பொடியா இருக்கும், நகர்ந்துக்கிட்டே போகும். இந்தக் குமிழி எங்க தக்கையைப் பாத்து வந்துச்சு. தக்கை ஒரு நூல் ஆடுச்சு. நின்னுச்சு. அப்புறம் மெல்ல மேல வந்து, படுத்துச்சு. தூக்கினேன். கழி வளைஞ்சுது.

சாதா கெண்டை, முக்கால் கிலோ இருக்கும். மாமா முதல்ல கையை நனைக்கச் சொன்னார். காஞ்ச கையால பிடிச்சா கோழை உரிஞ்சு வந்துடும். அந்தக் கோழைதான் மீனுக்கு நோய் அண்டாம காக்கற கவசம். முள்ளோட கொக்கியை முன்னாடியே குறடால நசுக்கி வெச்சிருந்ததால, ஒரு திருப்புல கழண்டுக்கிச்சு. தண்ணிக்குள்ளயே வெச்சிருந்து விட்டோம்.

பத்து மணிக்குள்ள இன்னும் ரெண்டு சாதா கெண்டை. அப்புறம் ஒரு மிர்கால், ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. நாலஞ்சு நிமிஷம் கோரைக்குள்ள இழுத்துக்கிட்டு ஓடுச்சு. கைவலையில தூக்கினப்போ, சொன்னா சொல்லட்டும், இதை எடுத்துக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியப்போகுதுன்னு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மாமா என் மூஞ்சியைப் பாத்துட்டு, "அது அவரு போட்ட காசு மாப்ள"ன்னார். விட்டுட்டோம்.

வெயில் ஏறினதும் அடிமீன் நின்னுடுச்சு. தக்கை குபுக் குபுக்னு முங்க ஆரம்பிச்சுது. ஜிலேபி. 1952-ல வெளிநாட்டுலேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். இதுக்கு ஓடற தண்ணி தேவையில்லை, ஊசியும் தேவையில்லை. தாய் மீன் முட்டையை வாயிலயே வெச்சுக் குஞ்சு பொரிக்கும். அதனால தண்ணி தேங்கற இடத்துலயெல்லாம் பெருகிடும்.

சாயந்திரம் கணக்குப் பாத்தோம். மொத்தம் 14. ஜிலேபி 9, சாதா கெண்டை 3, மிர்கால் 1, உள்ளங்கை அளவுக்கு ஒரு நாட்டுக் கெண்டை. மாமா அந்த நாட்டுக் கெண்டையைத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தார்.

வாய்க்கால் போன கதை

இந்த 14 மீனை மூணு விதமா பிரிக்கலாம். காசு கொடுத்து விட்டது மிர்கால். வெளியூர்லேர்ந்து வந்து, தேங்கின தண்ணியிலயே பெருகிக்கறது ஜிலேபியும் சாதா கெண்டையும். தானா வந்தது அந்த ஒரே ஒரு நாட்டுக் கெண்டை.

தானா எப்படி வரும்? தர்மபுரிப் பக்கத்து ஏரிகள் வருஷத்துல பல மாசம் வத்திக் கிடக்கும். மழை வந்து ஏரி கோடி போகும்போது, அந்தத் தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும். கீழ இருக்கற மீன் அந்த ஓட்டத்தை எதுத்து மேல ஏறும். ஏத்துமீன்னு சொல்வாங்க. புதுத்தண்ணி பரவற புல்தரையில கெண்டையும் கெளுத்தியும் முட்டை போடும். விரால், குறவை ஏரி ஓரத்துப் புல்லுலயே குஞ்சு பொரிச்சுக்கும். ஆனா வத்திப்போன ஏரிக்குத் திரும்பி வரணும்னா அதுக்கும் வாய்க்கால் வேணும்.

"அப்பல்லாம் மொத மழைக்கு ராத்திரி அரிக்கேன் எடுத்துக்கிட்டு இங்க வருவோம்," மாமா சொன்னார். "குறவை, கெளுத்தி, ஆரால்னு எதுத்து ஏறும். கூடையை வெச்சா போதும். இப்ப ஏறறதுக்கு வழி எங்க இருக்கு?"

மத்தியானம் மீன் நின்ன நேரத்துல நாங்க வாய்க்காலோட மேல நடந்து பாத்தோம். அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. முதல்ல சீமைக்கருவேலம். அப்புறம் முழங்கால் உயரத்துக்கு வண்டல். ஒரு சின்னப் பாலத்தோட குழாய் முழுக்க பிளாஸ்டிக். அதுக்கு மேல ஒரு இடத்துல மண்ணைக் கொட்டி வாய்க்காலையே வயலோட சேத்துட்டாங்க. ஏரிக்கு வர்ற தண்ணியில பாதி இங்கயே நின்னுடுது. மீன் ஏற வழியே இல்லை.

இதுல பாதிப்பு நாட்டு மீனுக்கு மட்டும் இல்லை. ஏரி ரொம்பலன்னா காசு போச்சுன்னு குத்தகைதாரர் சொன்னாரே, அவருக்கும் இதே வாய்க்கால்தான். பக்கத்துக் கிணறுகளுக்கும் இதே வாய்க்கால்தான். ஏரியைத் தூர் வாரறோம்னு கரையில நின்னு போட்டோ எடுத்துக்கறது நிறைய நடக்குது. வரத்து வாய்க்காலைத் தூர் வாராம ஏரியை மட்டும் ஆழப்படுத்தினா, தண்ணி வர வழியில்லாத ஒரு பெரிய குழிதான் மிஞ்சும்.

இன்னொண்ணையும் சொல்லணும். கூடை வெச்சு அள்ளின ஏத்துமீன் எல்லாம் முட்டை போட ஏறின மீன். நம்ம கிழக்குக் கடல்ல விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் தடை இருக்கு. இங்கிலாந்து ஆறுகள்ல கோர்ஸ் மீனுக்கு மார்ச் 15-லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் தூண்டில் போடக் கூடாது. முட்டை போடற காலத்துல மீனை விட்டுவைக்கணும்ங்கறதுதான் ரெண்டுக்கும் காரணம். வாய்க்காலுக்கு அப்படி ஒரு தேதி குறிக்க முடியாது. முதல் மழைதான் தேதி. அந்தச் சமயத்துல தூண்டிலை எறவாணத்துல சொருகி வைக்கிறது நம்ம பங்கு.

நீங்க போறதா இருந்தா

கடைசியா நாலு விஷயம். ஒண்ணு, ஊர்ல விசாரிச்சு, குத்தகைதாரர் யாருன்னு கண்டுபிடிச்சு அனுமதி கேளுங்க. பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. எதை எடுக்கலாம், எதை விடணும்னு முதல்லயே பேசிக்கங்க.

ரெண்டு, கார்பன் ஃபைபர் கழி வாங்கினா, போற இடத்துல தலைக்கு மேல மின்கம்பி இருக்கான்னு நிமிர்ந்து பாருங்க. கார்பன்ல கரண்ட் பாயும். கழி கம்பியில பட்டா உயிர் போயிடும்.

மூணு, தண்ணியில இறங்காதீங்க. மண் அள்ளின குழி எங்க இருக்குன்னு மேலேர்ந்து பாத்தா தெரியாது. இடுப்பளவு தண்ணிக்குப் பக்கத்துலயே ரெண்டாள் ஆழம் இருக்கும். அறுந்த நரம்பைக் கரையில விட்டுட்டும் வராதீங்க, பறவைக் கால்ல சுத்திக்கும்.

நாலு, எத்தனை மீன் பிடிச்சீங்கன்னு எழுதறதோட நிறுத்தாம, என்னென்ன மீன்னு எழுதி வையுங்க. தேதி, இடம், மீன் வகை. ஒரு நோட்டு போதும். நாட்டுக் கெண்டை ஒண்ணுகூட மாட்டலன்னா, சாயந்திரம் கிளம்பறதுக்கு முன்னாடி வரத்து வாய்க்காலோட கொஞ்ச தூரம் மேல நடந்து பாருங்க. எங்க அடைச்சிருக்குன்னு போட்டோ எடுத்து, ஊர்க்காரங்க யாரையாவது கூட்டிக்கிட்டு கிராமசபையில பேசுங்க. ஊர்க்காரங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயமாதான் இருக்கும். ஆனா ஒரு நோட்டுல மூணு வருஷக் கணக்கு இருந்தா, அதை அவ்வளவு லேசா ஒதுக்கித் தள்ள முடியாது.

உங்க ஊர் ஏரியில என்ன மீன் மாட்டுச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. ஏரி பேர் மட்டும் வேண்டாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.